மேற்குச் சன்னல்

விம்கோ நகர்
ஏப்ரல், ஞாயிறு காலை

அன்புள்ள தம்பி,

உன் கடிதத்தில் ஒரு வரி நான்கு நாளாக என்னை விடவில்லை. "கண்ணாடி இரண்டாக இருந்தால் உள்ளே வரும் சூடு பாதிதானே சார்?" என்று கேட்டிருக்கிறாய். விலை சொல்ல வந்தவர் அப்படிச் சொன்னாராம். அதை நம்பி, அப்பா வீட்டின் ஏழு சன்னலையும் நிலையோடு பெயர்த்துவிட்டு யூபிவிசி டபுள் கிளாஸ் போடப்போகிறாய். கரண்ட் பில் இறங்கிவிடும் என்கிறாய். பாதி என்று அவர் சொன்னது பொய்யில்லை. எதில் பாதி என்று நீ கேட்கவில்லையே, அதுதான் என் வருத்தம். மூன்று வருடம் என்னிடம் இயற்பியல் படித்தவன் நீ.

கடத்தல், சலனம், கதிர்வீசல் என்று பாடம் நடத்தப்போவதில்லை. நேரே கணக்குக்கு வா. உங்கள் வீட்டுக் கூடத்தின் மேற்குச் சன்னல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நாலடி அகலம், நாலரை அடி உயரம், 1.67 சதுர மீட்டர். ஒற்றைக் கண்ணாடி, ஒரு சதுர மீட்டருக்கு, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் ஏறத்தாழ 5.7 வாட் கடத்தும். நடுவில் காற்றை அடைத்த இரட்டைக் கண்ணாடி 2.8 வாட். உன் 'பாதி' இங்கேதான் இருக்கிறது. வெளியே 34 டிகிரி, ஏசி அறைக்குள் 25 என்று வை. ஒற்றைக் கண்ணாடி வழியே 86 வாட், இரட்டை வழியே 42.

வெயிலின் கணக்கு வேறு. கத்திரி நாட்களில் பிற்பகல் 2 மணிமுதல் 6 மணிவரை மேற்குச் சுவரில் விழும் வெயிலைச் சதுர மீட்டருக்குச் சராசரி 450 வாட் என்று எடுத்துக்கொள்வோம். தெளிந்த ஒற்றைக் கண்ணாடி அதில் நூற்றுக்கு எண்பதை உள்ளே விடும். அது 600 வாட். கூடத்தின் நடுவில் ஓர் இஸ்திரிப் பெட்டியைச் சுட வைத்து நான்கு மணி நேரம் மறந்துவிட்டதற்குச் சமம். இரட்டைக் கண்ணாடி இந்த வெயிலைப் பாதியாக்காது. அதுவும் தெளிந்த கண்ணாடிதானே, நூற்றுக்கு எழுபதை விட்டுவிடும்; 525 வாட். இப்போது கூட்டிப் பார். ஒற்றைக்கு 686, இரட்டைக்கு 567. மிச்சம் ஆறில் ஒரு பங்கு.

அதே பழைய ஒற்றைக் கண்ணாடிக்கு வெளியே, வெளியே என்பதை அழுத்திப் படி, ஒரு மூங்கில் தட்டியைத் தொங்கவிட்டு வெயிலில் நூற்றுக்கு எண்பதை மறைத்தால் 686 வாட் 206 ஆகிவிடும். ஏசி ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்றரை மடங்கு வெப்பத்தை வெளியே தள்ளும் என்று வைத்துக்கொண்டு, இரண்டு மாதப் பில்லுக்கு, அந்த நான்கு மணி நேரத்துக்கு மட்டும் கணக்குப் போட்டேன். தட்டியால் மிச்சம் 33 யூனிட். இரட்டைக் கண்ணாடியால் 8. இரவிலும் ஏசி ஓடினால் இன்னும் இரண்டு மூன்று கூடும். தட்டியின் விலையையும் சன்னலின் விலையையும் நீயே பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்.

திரைச்சீலை போதாதா என்று உன் அம்மா கேட்பார்கள். போதாது. கண்ணாடியைத் தாண்டிய வெயில் வீட்டுக்குள் வந்தாயிற்று. திரை சூடாகும், திரையிலிருந்து கூடம் சூடாகும். வெளுத்த துணியாக இருந்தால் கொஞ்சம் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். வெயிலைத் தெருவிலேயே நிறுத்த வேண்டும். தட்டி வேண்டாம், பார்க்க நன்றாயில்லை என்றால் வெயிலைத் திருப்பும் பூச்சுள்ள ஒற்றைக் கண்ணாடி இருக்கிறது. நல்லதாக வாங்கினால் வெயிலில் நூற்றுக்கு முப்பதைத்தான் விடும். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வெளிச்சமும் அதோடு குறையும், பகலில் விளக்குப் போட வேண்டி வந்தால் லாபம் கரையும். கடையில் கேட்க வேண்டிய எண் இதுதான்: விழும் வெயிலில் எத்தனை பங்கை உள்ளே விடும்? எத்தனை அடுக்குக் கண்ணாடி என்பது அதற்கப்புறம்.

இரட்டைக் கண்ணாடி ஏன் இவ்வளவு பெயர் வாங்கிற்று என்று கேள். நம் பேட்டைக்கு விம்கோ நகர் என்று பெயர் வந்ததே ஸ்வீடன்காரர்களால். வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியின் சுருக்கம்தான் விம்கோ. ஸ்வீடனின் தீப்பெட்டி நிறுவனம் அதை 1923-இல் இந்தியாவில் தொடங்கியது. அவர்கள் நாட்டு ஸ்டாக்ஹோம் நகரில் டிசம்பர் மாத நடுப்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து 7 டிகிரிதான் எழும். வெளியே உறைபனி, உள்ளே 21 டிகிரி. இருபது டிகிரிக்கு மேற்பட்ட வித்தியாசம் மாதக்கணக்கில், இரவும் பகலும் நிற்கும். உள்ளே வரும் சிறு வெயிலும் அவர்களுக்கு வரம். அந்த ஊரில் இரட்டைக் கண்ணாடி, மூன்றடுக்குக் கண்ணாடி எல்லாம் அறிவாளித்தனம். நமக்கு வித்தியாசம் எட்டு, ஒன்பது டிகிரி, அதுவும் ஏசி போட்டால்தான். வெயிலோ வேண்டாத விருந்தாளி. அவர்கள் கேட்ட கேள்விக்கு அது சரியான விடை. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறாக இருக்கும்போது விடையை மட்டும் இறக்குமதி செய்வது எனக்குக் கோபத்தை உண்டாக்குகிறது.

எந்தச் சன்னலுக்கு என்ன என்று திசை பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஏழுக்கும் ஒரே மருந்து கூடாது. சென்னை 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 24, 25 வாக்கில் நடுப்பகலில் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து, நட்ட கோலுக்கு நிழல் இல்லாமல் போகும். ஆகஸ்டு 18 வாக்கில் மறுபடியும். இடைப்பட்ட மாதங்களில் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். வடக்குச் சுவரில் வெயிலே படாது என்று புத்தகத்தில் படித்தவர்கள் சொல்வார்கள்; அந்தப் புத்தகம் எந்த ஊரில் எழுதியது என்று பார்க்க வேண்டும். ஆனால் பயமில்லை. ஜூன் மாத நடுப்பகலில் சூரியன் 80 டிகிரி உயரத்தில் நிற்பதால் இரண்டடி சன்ஷேடு போதும், அந்நேரம் வடக்குச் சன்னல் முழுதும் நிழலில் இருக்கும். தெற்கே டிசம்பரில் 53 டிகிரி. அதே இரண்டடி சன்ஷேடு இரண்டரை அடிக்கு மேல் நிழல் தரும். மேற்கில்தான் அது தோற்கிறது. மே மாதம் மாலை 4 மணிக்குச் சூரியன் ஏறத்தாழ 33 டிகிரியில் இருக்கும். இரண்டடி சன்ஷேடு ஒன்றேகால் அடி நிழல்தான் விடும். 5 மணிக்கு முக்காலடி. உங்கள் சன்னல் நாலரை அடி. ஆகவே மேற்குக்குத் தேவை தலைக்கு மேல் குடை இல்லை, முகத்துக்கு நேரே மறைப்பு. தட்டி, சாய்ந்த மரப்பட்டைகள் அடுக்கிய கதவு, எதிரே ஒரு புங்க மரம், எதுவானாலும் சரி. இராயபுரத்துப் பழைய வீடுகளில் அந்த மரப்பட்டைக் கதவுகள் இன்னும் சிலவற்றில் உண்டு. வெயிலை வெளியே நிறுத்தி, காற்றை உள்ளே விட்டு, தெருவைப் பார்க்கவும் விட்ட கதவு அது. அதைக் கழற்றி விறகுக்குப் போட்டுவிட்டுக் கண்ணாடி மாட்டியதைக் காணும்போதெல்லாம் மனம் நொந்திருக்கிறேன்.

இதை எழுதும்போதே ஒரு சொல் வந்து நிற்கிறது, சொல்லிவிடுகிறேன். நாம் 'சன்னல்' என்கிறோமே, அது போர்த்துகீசியர் கொடுத்தது; அவர்கள் மொழியில் ஜனேலா. அதற்கு வேர் லத்தீனில் வாசலைக் குறிக்கும் சொல். சிறு வாசல் என்று பொருள். தமிழில் அதற்கு முன்பே 'காலதர்' இருந்தது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்றின் வழி. பலகணி என்றும் உண்டு, பல கண் உடையது. ஆங்கிலத்தில் விண்டோ என்கிறார்களே, அதுவும் பழைய நார்ஸ் மொழியில் 'காற்றின் கண்' என்பதிலிருந்து வந்ததுதான். குளிர்நாட்டுக்காரன்கூட முதலில் காற்றை நினைத்துத்தான் பெயர் வைத்திருக்கிறான். பெயருக்குள் கண்ணாடி இல்லை. ஒரு பொருளுக்கு முதலில் பெயர் வைத்தவர்கள் அதன் வேலையை அறிந்துதான் வைத்தார்கள் என்பது என் நெடுநாள் எண்ணம். இதை வகுப்பில் சொன்னால் நீங்கள் கடைசி பெஞ்சில் சிரிப்பீர்கள். சிரித்தாலும் சரி, நான் மாற்றிக்கொள்ளவில்லை.

சிலப்பதிகாரத்துப் புகார் நகர மாளிகைகளின் காலதர் மானின் கண் போன்ற துளைகள் கொண்டது. கோவலனும் கண்ணகியும் இருந்த மாடத்துக்குள் தென்றல் சாளரத்தின் சிறு கண் வழியே வண்டுகளோடு நுழைகிறது. புகாரும் நம்மைப் போலக் கிழக்கே கடலைப் பார்த்த ஊர், நினைவில் வை. நக்கீரரின் நெடுநல்வாடையில் இன்னும் நுட்பம். வேனிலில் தென்றலைத் தரும் மேல்மாடச் சாளரத்தின் கதவுகளை, வாடை வீசும் கூதிர்க் காலத்தில் தாழிட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு சன்னல் ஒரு பருவத்துக்குத் திறக்க, இன்னொரு பருவத்துக்கு அடைக்க என்ற தெளிவு அவர்களுக்கு இருந்தது. அதே பாட்டில் அரண்மனைக்கு மனை வகுக்கும் இடம் வருகிறது. இரண்டு கோல் நட்டு, நடுப்பகலில் நிழல் எந்தப் பக்கமும் சாயாத பொழுது பார்த்து, நூல் பிடித்துத் திசை குறித்த பிறகுதான் கட்டத் தொடங்குகிறார்கள். இரண்டு கோல், ஒரு நிழல். நம் நகரில் அடுக்குமாடி கட்டுபவர்களில் எத்தனை பேர் இன்று அதைச் செய்கிறார்கள்? கிழக்கிலும் மேற்கிலும் ஒரே அளவு, ஒரே கண்ணாடி, ஒரே சன்ஷேடு. கேட்டால் எலிவேஷன் என்கிறார்கள்.

காற்றின் பேச்சுக்கு வருகிறேன். தென்றல், வாடை, கொண்டல், கோடை என்று நான்கு திசைக்கும் பெயர் வைத்தவர்கள் நம்மவர்கள். நம் பேட்டைக்குக் கிழக்கே கடலிலிருந்து வரும் கொண்டல்தான் சோறு போடும் காற்று. மே மாதத்தில் மேல்காற்று கடற்காற்றை எதிர்த்து நிற்கும். கடற்காற்று பிற்பகல் வரை வராமல் இழுத்தடிக்கும் நாளில்தான் வெக்கை ஏறும். அது வந்ததும் கிழக்குச் சன்னல் முழுசாகத் திறந்திருக்க வேண்டும், எதிர்ப் பக்கத்தில் அது வெளியேற ஒரு வழியும் இருக்க வேண்டும். வழியில்லாத அறைக்குள் காற்று வராது. தண்ணீர் நிரம்பிய குடத்துக்குள் மேலும் ஊற்றுவது போல. உடம்பின்மேல் வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் காற்றுப் பட்டாலே இரண்டு மூன்று டிகிரி குறைந்ததுபோல் இருக்கும்.

இதனால்தான் ஸ்லைடிங் சன்னல் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு ரெக்கை, ஒன்றின்மேல் ஒன்று ஒதுங்கும். எவ்வளவு பெரிதாகச் செய்தாலும் பாதிதான் திறக்கும். 2018 டிசம்பரில் மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன அலுவலகம் வீடுகளுக்கென்று 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற விதித்தொகுப்பை வெளியிட்டது. வெப்பமும் ஈரமும் உள்ள நம்மைப் போன்ற ஊர்களுக்கு, திறக்கக்கூடிய சன்னல் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது. குளிர் ஊர்களுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு போதுமாம். நம் எண் அவர்கள் எண்ணைப் போல இருமடங்கு. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு இருபது சதுர அடி திறக்க வேண்டும். இருபது சதுர அடிக்கு ஸ்லைடிங் போட்டால் பத்துதான் திறக்கும், விதி தவறும். கீல் வைத்து வெளியே திறக்கும் ரெக்கையானால் ஏறத்தாழ முழுதும் கிடைக்கும். தெருவோடு போகும் காற்றை மறித்து உள்ளே திருப்பவும் செய்யும். உங்கள் வீட்டில் இப்போது இருப்பது அதுதான், உன் தாத்தா போட்ட தேக்கு. அதைத்தான் பெயர்க்கப் போகிறாய்! அதன்மேல் வைத்த சிறு வென்டிலேட்டரையும் அடைத்துவிடாதே. மேலே தேங்கும் சூடு போக அது ஒன்றுதான் வழி. கொசுவலை வேண்டும், பக்கிங்காம் கால்வாய்ப் பக்கம் இருந்துகொண்டு வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் வலை காற்றில் ஒரு நல்ல பங்கை விழுங்கும் என்பதால் திறப்பு இன்னும் தாராளமாக இருக்க வேண்டும்.

நான் பிடிவாதக்காரன் என்று எழுதிவிடாதே, அடைக்க வேண்டிய நேரமும் உண்டு. ஏசி ஓடும் படுக்கையறையில் உனக்குப் பகை கண்ணாடி இல்லை, இடுக்கு. வெளியே 33 டிகிரி, ஈரப்பதம் 70 சதம் என்றால் ஒரு கிலோ காற்றில் ஏறத்தாழ 22 கிராம் நீராவி இருக்கும். உள்ளே 25 டிகிரியில் 11 கிராம். இடுக்கு வழியே நுழையும் ஒவ்வொரு கிலோ காற்றிலிருந்தும் ஏசி 11 கிராம் தண்ணீரைப் பிழிய வேண்டும். அந்த வேலை, காற்றை 8 டிகிரி குளிர்விக்கும் வேலையைப் போல மூன்று மடங்குக்கு மேல். ஏசியின் குழாயில் சொட்டும் தண்ணீரைப் பார்த்திருப்பாயே, அதில் ஒரு பங்கு உன் சன்னல் இடுக்கில் வந்த காசு. அந்த அறைக்கு மட்டும் ஆசாரியை அழைத்து ரெக்கையை இழைத்து, நிலையில் ரப்பர் பட்டை ஒட்டி, தாழ்ப்பாளை இறுக்கி, உடைந்த பீடிங்கை மாற்றச் சொல். சின்னச் செலவு. யூபிவிசிக்காரர்கள் சொல்லும் மிச்சத்தில் ஒரு பங்கு இந்த இறுக்கத்திலிருந்து வருவதுதான்.

சத்தமும் புகையும் வேறு விஷயம். எண்ணூர் நெடுஞ்சாலைக் கன்டெய்னர் லாரி இரவு இரண்டு மணிக்குத் தாழ்ந்த குரலில் உறுமும்போது, ஒரே கனத்தில் நெருக்கமாக வைத்த இரண்டு கண்ணாடியும் சேர்ந்தே அதிரும். நடுவில் பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி அதைவிட மேல், உடைந்தாலும் சிதறாது. உங்கள் தெருமுனை அறைக்கு அதை வாங்கு என்று நானே சொல்வேன். மணலிப் பக்கத்து நாற்றம் வரும் நாளில் இறுக அடைத்தால் ஓரளவு தாங்கும். 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்ததே, அதுபோன்ற இரவில் மட்டும் எந்தச் சன்னலையும் நம்பாதே. வீட்டை விட்டு வெளியேறு.

உப்பைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, உன் சைக்கிள் செயின் என்ன ஆனதென்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் ஒன்று. யூபிவிசி துருப்பிடிக்காது என்பார்கள், பிளாஸ்டிக் பிடிக்காதுதான். அதன் வயிற்றுக்குள் வைக்கும் இரும்புக் கம்பியும் கீலும் திருகாணியும் பிடிக்கும். கீலும் கொக்கியும் 316 ரகத் துருவிலி எஃகா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்கு. அலுமினியம் என்றால் பூச்சைப் பார்; அது மரத்தையும் யூபிவிசியையும் விட ஆயிரம் மடங்கு வெப்பம் கடத்தும் உலோகம் என்பதையும் மறவாதே. இரட்டைக் கண்ணாடியின் ஓரத்து ஒட்டு ஒருநாள் விட்டதென்றால் நடுவில் ஈரம் புகுந்து பால்போல மங்கும். துடைக்க வழியில்லை, மாற்றத்தான் வேண்டும். என் வீட்டுக் கிழக்கு அறையில் ஆறு வருடம் முன்பு ஸ்லைடிங் போட்டார்கள். ட்ராக்கில் தண்ணீர் வடியும் ஓட்டைகளை, மாட்டிய ஆள் சிலிக்கோன் வைத்து அடைத்துவிட்டார். மிக்ஜாம் புயல் மழை அந்த ட்ராக்கில் நிரம்பி உள்ளே வழிந்து, கீழ்த் தட்டில் இருந்த என் புத்தகங்கள் ஊறிப்போயின. இரண்டு நாள் கொடியில் உலர்த்தினேன். போனது போயிற்று. கிழக்குச் சன்னலுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பரீட்சை. வேலை முடிந்ததும் ஒரு குடம் தண்ணீரை ட்ராக்கில் ஊற்றிப் பார்த்துவிட்டுப் பணம் கொடு.

இதெல்லாம் எனக்கு ஏன் இவ்வளவு பெரிதாகப் படுகிறது என்று கேட்பாய். நீ மிச்சம் பிடிக்கும் யூனிட் எங்கோ மலையில் விளைவதில்லை. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்படும்வரை அதன் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டே நான் வேலைக்குப் போனேன். அத்திப்பட்டில் வடசென்னை நிலையம் இன்னும் நிலக்கரி எரிக்கிறது. சாம்பல் கொசஸ்தலை ஆற்றோரம் குவிந்து கிடக்கிறது. தமிழ்நாட்டில் எங்கே ஏசி ஓடினாலும் அதன் கரியில் ஒரு பங்கு நம் பக்கம் விழுகிறது. உன் மேற்குச் சன்னலுக்குத் தட்டி கட்டச் சொல்லும்போது எனக்கு அந்தச் சாம்பல்தான் கண்முன் நிற்கிறது.

கடைசியாக, உங்கள் வீடு மேல்தளம். மொட்டைமாடித் தளம் பகலெல்லாம் வெயில் குடித்துவிட்டு இரவெல்லாம் தலைமேல் கக்கும். அதற்கு வெள்ளையடிக்காமல் சன்னலுக்குச் செலவழிப்பது வரிசை தவறிய வேலை. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

முன்பணம் கொடுத்துவிடாதே. மே மாதம் லீவுக்கு வருவாயல்லவா, வந்ததும் ஒரு நாள் மதியம் உங்கள் மொட்டைமாடியில் ஒரு கோல் நடுவோம். இரண்டு தெர்மாமீட்டர் என்னிடம் இருக்கிறது. முதல் நாள் மேற்குச் சன்னலை அப்படியே விட்டு, மறுநாள் வெளியே பாயைத் தொங்கவிட்டு, 2 மணியிலிருந்து 6 மணிவரை அரைமணிக்கு ஒருமுறை கூடத்தின் சூட்டைக் குறித்துவை. சன்னல் சன்னலாகத் திசையும் அளவும் எழுதிய தாள் ஒன்றும் தயார் செய்து கொண்டுவா. நம் பழைய ஆசாரிக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, ஆனால் மகன் நன்றாகச் செய்கிறான்; அந்த வாரம் அவனை வரச் சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
உன் ஆசிரியர்